செஞ்சி மலையும் சித்திரை வெயிலும்



நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் நான்கு நாளாக ஒரே பேச்சு. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துக் குடும்பத்தோடு செஞ்சிக்குப் போவது, ராஜகிரி உச்சி வரை ஏறுவது, மேலே நின்று குரூப் போட்டோ எடுப்பது என்று திட்டம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராத்தியர் கோட்டைகள் 12 சேர்ந்தன. அதில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, மீதி ஒன்றுதான் செஞ்சி. அதிலிருந்து எல்லோருக்கும் செஞ்சி ஆசை வந்துவிட்டது. சந்தோஷம். "சார் அங்கே வந்து வரலாறு சொல்லணும்" என்று அழைப்பும் வைத்திருக்கிறீர்கள். சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன். மே மாதத்தில் அந்த மலையில் ஏறக்கூடாது என்று நான் சொல்வதற்கான காரணமும் இந்த வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறது. கொஞ்சம் நீளமாக இருக்கும், வகுப்பில் உட்கார்ந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறவைச் சொல்கிறேன். செஞ்சி இன்று விழுப்புரம் மாவட்டம். ஆனால் 1993 வரை அது தென்னாற்காடு மாவட்டம், தலைநகரம் நம் கடலூர். உங்களில் பலர் படித்தபோது அது "நம்ம ஜில்லா கோட்டை". அந்தக் கோட்டையைப் பற்றி இன்றுவரை எல்லோரும் புரட்டும் பெரிய புத்தகமும் நம் பக்கத்தில் வெளிவந்ததுதான். சி. எஸ். ஸ்ரீனிவாசாச்சாரி எழுதிய செஞ்சி வரலாறு, 1943ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடு. அங்கே அவர் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தார். சிதம்பரம் பிள்ளைகள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

நம்மைப் போன்ற கடற்கரை ஜனங்களுக்கு மலை என்றால் என்ன? திருவந்திபுரத்து ஔஷதகிரி. 74 படி ஏறி ஹயக்ரீவரைப் பார்த்துவிட்டு, "மலை ஏறிவிட்டோம்" என்று வடை சாப்பிடுகிறோம். அப்புறம் கேப்பர் மலை. அது மலை என்று பெயர் வாங்கிய செம்மண் மேடு. சிதம்பரத்துக்காரர்களுக்கு அதுவும் கிடையாது, மேல வீதியில் ஒரு வேகத்தடை ஏறினால் உண்டு. ராஜகிரி 800 அடி. குன்று என்று கணக்கில் சின்னதுதான். கொடைக்கானல், ஏற்காடு பார்த்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் கொடைக்கானலுக்கு நீங்கள் பஸ்ஸில் ஏறுகிறீர்கள், ஏற ஏறக் குளிர்கிறது. இங்கே காலால் ஏற வேண்டும். 800 அடிக்கு எந்தக் குளிர்ச்சியும் வராது. கடலிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருப்பதால், நமக்கு மத்தியானத்தில் வரும் கடற்காற்று அங்கே எட்டும்போது சாயங்காலம் ஆகிவிடும், சில நாள் எட்டாமலே போகும். மலை முழுக்க உருண்டை உருண்டையாகக் கருங்கல் பாறை. காலையிலிருந்து வெயிலைக் குடித்த பாறை பிற்பகலில் அதைத் திருப்பித் தருகிறது. தலைக்கு மேலே ஒரு சூரியன், காலுக்குக் கீழே ஒரு தோசைக்கல்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சக்கிலிதுர்க்கம் என்று மூன்று மலை. (இந்தக் கிருஷ்ணகிரியை மாவட்டத் தலைநகரத்தோடு குழப்ப வேண்டாம்.) மூன்றையும் முக்கோணமாக இணைத்து மதில். ராஜகிரியில் ஏற ஏற ஒன்றன்பின் ஒன்றாக வாசல்கள். பாதி வழியில் கமலக்கண்ணியம்மன் கோயில். கடைசியில் உச்சிக்குச் சற்று முன்னால் பாறையே பிளந்து ஒரு பள்ளம். அகலம் சுமார் 24 அடி, ஆழம் 60 அடி. அதன்மேல் மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவன் ராஜா, இந்தப் பக்கம் நிற்பவன் எவ்வளவு பெரிய படை வைத்திருந்தாலும் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். உச்சியில் ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, களஞ்சியம், வெடிமருந்துக் கிடங்கு, ஒரு பீரங்கி.

இதையெல்லாம் எந்த வழிகாட்டியும் சொல்வார். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது தண்ணீரை. மலைக்கோட்டையின் உயிர் மதிலில் இல்லை, சுனையில் இருக்கிறது. ராஜகிரியின் மேலே நல்ல தண்ணீர்ச் சுனைகள் உண்டு. அவற்றுக்குக் கீழே மழைநீரைத் தேக்கும் குளம். அடிவாரத்தில் ஆனைக்குளம், சக்கரக்குளம், செட்டிகுளம். கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். மாடி மாடியாக எழுந்து நிற்கும் அந்தக் கட்டடத்தை எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள், குழாயை யாரும் பார்ப்பதில்லை. பஞ்சாயத்துக் குழாயில் இரண்டாவது மாடிக்குத் தண்ணீர் ஏறாத தெருவில் குடியிருப்பவன் நான், எனக்கு அதுதான் அதிசயம்.

இந்த மலையை யார் யார் எப்படிப் பிடித்தார்கள் என்று வரிசையாகப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். பெரும்பாலும் யாரும் பட்டப்பகலில் சண்டை போட்டுக்கொண்டு ஏறிப் பிடிக்கவில்லை.

1648 கடைசியில் பீஜப்பூர் படை நாயக்கரிடமிருந்து செஞ்சியைப் பிடித்தது. அந்தக் கலவரத்தில்தான் சிதம்பரத்து நடராசரே ஊரைவிட்டுப் போனார். 1648 டிசம்பரில் பெட்டியில் வைத்துக் கொண்டுபோன திருமேனி, குடுமியான்மலையில் 40 மாதம், பிறகு மதுரை என்று இருந்து 1686 நவம்பரில்தான் திரும்பியது. ஏறத்தாழ 38 வருஷம் சிற்றம்பலத்தில் அவர் இல்லை. இன்று ஆனித் திருமஞ்சனத்துக்கும் ஆருத்ராவுக்கும் தேர் வடம் பிடிக்கிறவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்? அவர் திரும்பி வந்தபோது செஞ்சி மராத்தியர் கையில் இருந்தது. போனதற்கும் வந்ததற்கும் செஞ்சி மலையில் யார் கொடி பறந்தது என்பதுதான் பின்னணி.

அதற்கும் முன்னால் ஒரு கதை. 1597-98 வாக்கில் பிமெண்டா என்ற ஏசு சபைப் பாதிரியார் இந்தப் பக்கம் வந்தார். அவர் செஞ்சி மன்னர் கிருஷ்ணப்ப நாயக்கரைச் சந்தித்தது சிதம்பரத்தில். கோயிலுக்குள் கோவிந்தராசப் பெருமாள் சன்னிதியை நாயக்கர் விரிவாக்கப் போக, தீட்சிதர்கள் எதிர்த்தார்கள், கோபுரத்திலிருந்து குதித்துச் சிலர் உயிரை விட்டார்கள் என்று பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார். படிக்கவே கஷ்டமான பகுதி. யார் பக்கம் நியாயம் என்ற சண்டையைத் தயவுசெய்து கமெண்டில் தொடங்க வேண்டாம். செஞ்சிக்குப் போன அதே பாதிரியார், லிஸ்பன் தவிர போர்ச்சுகல் நாட்டில் இவ்வளவு பெரிய ஊர் இல்லை என்றார். இன்றைய செஞ்சி பஸ் ஸ்டாண்டைப் பார்த்தவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும்.

1677 மே மாதம், சரியான கத்திரி வெயில் காலத்தில், சிவாஜி வந்தார். அவர் மலையில் ஏறிச் சண்டை போட்டாரா? இல்லை. கோட்டையை வைத்திருந்த நாசிர் முகம்மது கானோடு பேரம் பேசி முடித்தார். பெரிய வீரன் என்பதற்கு எனக்கு இதுதான் அடையாளம். ஏற வேண்டாத மலையில் ஏறவில்லை. பிடித்த பிறகு மதிலையும் அகழியையும் பலப்படுத்தினார். சண்டையை அவர் சமவெளிக்கு வைத்துக்கொண்டார். ஜூன் கடைசியில் நம் பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருவதிகையில் ஷேர்கான் லோடியை விரட்டினார், கான் புவனகிரிப் பக்கம் ஓடினார்.

அடுத்து முகலாயர். சிவாஜியின் மகன் ராஜாராம் 1689ல் செஞ்சிக்கு வந்து தங்க, 1690ல் சுல்பிகார் கான் வந்து முற்றுகை போட்டார். 1698 தொடக்கத்தில்தான் கோட்டை விழுந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். முற்றுகையில் ஏழு கோடை கழிந்ததைக் கவனியுங்கள். மேலே இருந்தவனுக்குச் சுனை இருந்தது, கீழே கூடாரம் போட்டவனுக்கு வெயிலும் காய்ச்சலும்.

இந்த ராஜாராமிடம்தான், அதே 1690ல், கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது. அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை. அப்போது சென்னையில் கவர்னர் எலிஹு யேல். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை கம்பெனி எல்லை என்று ஒப்பந்தம். கடலூர் நகரமே அப்படிக் குண்டு விழுந்து கம்பெனிக்குப் போனதுதான். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமம் என்றே பேர். செஞ்சி மலை மேலே பணமுடையில் ஒருவர் கையெழுத்துப் போட, இங்கே உங்கள் தாத்தாவின் தாத்தா ஒரே நாளில் வெள்ளைக்காரன் குடிமகன் ஆனார்.

நடுவில் தேசிங்கு ராஜன் வருகிறார். தெருக்கூத்தில் பார்த்திருப்பீர்கள். தேஜ் சிங், 22 வயது. 1714 அக்டோபரில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி இறந்தார். அவரும் மலையில் நின்று சண்டை போடவில்லை. வெள்ளம் ஓடும் ஆற்றில் குதிரையை இறக்கி, கடந்துபோய்ச் சமவெளியில் மாண்டார். மேலே உட்கார்ந்து பாலத்தை எடுத்திருந்தால் கதை வேறு. ஆனால் அப்படிச் செய்திருந்தால் கூத்து இருக்காது.

இனி 1750. வெள்ளையரில் ஒருவர் இந்த மலையில் நிஜமாகவே சண்டை போட்டு ஏறினார். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, அப்போது வயது முப்பதை ஒட்டி. செப்டம்பர் தொடக்கத்தில் திருவதிகைப் பக்கம் முகம்மது அலியின் படை தோற்று, மிச்சம் இருந்தவர்கள் செஞ்சிக்கு ஓடினார்கள். பின்னாலேயே புஸ்ஸி போனார். மாலையில் கீழ்க்கோட்டை வாசலை வெடிவைத்துத் திறந்தார். பிறகு உடனே ஏறவில்லை. இரவு நிலா மறையும்வரை காத்திருந்து, படையை மூன்றாகப் பிரித்து, மூன்று மலையிலும் ஒரே நேரத்தில் ஏறச் சொன்னார். விடிவதற்குள் மூன்றும் கைக்கு வந்தன. பகலில் அந்த மலையை நிமிர்ந்து பார்த்தபோது, இதிலா ஏறினோம் என்று ஏறியவர்களே மலைத்துப்போனார்கள் என்று ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். இருட்டில் பீரங்கிக்குக் குறி தெரியாது என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். கம்பளிச் சட்டை போட்ட ஐரோப்பியச் சிப்பாய் பகல் 12 மணிக்குத் துப்பாக்கியோடு அந்தப் படிகளில் ஏறியிருந்தால், மேலிருந்து சுடவே தேவையிருந்திருக்காது.

இரண்டு வருஷம் கழித்து, 1752 ஆடி வாக்கில், ஆங்கிலேய மேஜர் கின்னீர் வந்தார். ஐரோப்பாவிலிருந்து புதிதாக இறங்கியவர். இந்த ஊரில் பழம் தின்று கொட்டை போட்ட மேஜர் லாரன்ஸ் வேண்டாம் என்றார், கேட்கவில்லை. செஞ்சி வரை நடந்து போய், மலையைப் பார்த்து, முடியாது என்று திரும்பினார். வழியில் விக்கிரவாண்டியில் பிரெஞ்சுக்காரர்களிடம் அடிபட்டார். காயம், அவமானம், பிறகு நோய். கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்தார். லாரன்ஸ் வந்து பாகூரில் பிரெஞ்சுப் படையை வென்றுதான் மானத்தைக் காப்பாற்றினார். மலையை நிழலில் நின்று அண்ணாந்து பார்த்து முடிவெடுத்த வகையில் கின்னீர் புத்திசாலி என்பேன். படையைக் கிளப்புவதற்கு முன்பே அந்த முடிவுக்கு வந்திருந்தால் இன்னும் புத்திசாலி.

ஆனால் வென்ற பிரெஞ்சுக்காரர்களுக்கு என்ன கிடைத்தது? இங்கேதான் ஓர்ம் ஒரு கணக்குச் சொல்கிறார். செஞ்சி பிரெஞ்சு வசம் இருந்த பத்துப் பதினோரு வருஷத்தில் அங்கே இறந்த ஐரோப்பியர் 1,200 பேர். ஒரே நேரத்தில் அங்கே அவர்கள் வைத்திருந்ததோ பெரும்பாலும் நூறு பேருக்கு மேல் இல்லை. அதாவது ஒரு காவல் படை முழுவதும் வருஷம் ஒருமுறை செத்து, மறுபடி நிரப்பியிருக்கிறார்கள். 1761ல் ஆங்கிலேயக் கேப்டன் ஸ்மித் முற்றுகை போட்டபோதும் இதே கதை. அவர் பக்கம் இறந்த 300 சிப்பாய்களைக் கொன்றது அந்த இடத்துக் காற்றுதான் என்கிறது அதே கணக்கு. அந்த 300 பேரும் நம் பக்கத்து ஆட்கள், கூலிக்காகச் சிப்பாய் வேலைக்குப் போனவர்கள். அவர்களில் ஒருவருடைய பெயரும் எங்கும் இல்லை. ஏப்ரலில் பிரெஞ்சுக் காவல் படை சமாதானம் பேசி இறங்கியது. இரண்டு பக்கமும் மேலும் அங்கே இருக்க முடியாது என்ற நிலைமை.

அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் "கெட்ட காற்று" என்றார்கள். கொசுவில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டதே 1897ல்தான். என் ஊகம், குளத்துக் கொசு பாதி, வெயில் பாதி. பகலெல்லாம் பாறைச் சூட்டில் காவல் நின்று, உடம்பில் நீர் வற்றியவனுக்குக் காய்ச்சல் வந்தால் தாங்காது.

இப்போது வேன் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு இப்போது நாற்பத்தைந்து, ஐம்பது. பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு பிரஷர். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை போடுகிறவர்கள் உண்டு. செங்குத்தாக ஏறும்போது தசையே அடுப்பு மாதிரி சூடு உண்டாக்கும். அதை வெளியேற்ற வியர்வை ஒன்றுதான் வழி. ஒரு மணி நேர ஏற்றத்தில் ஒரு லிட்டருக்கு மேல் போய்விடலாம். தண்ணீர் மட்டும் குடித்தால் போதாது, உப்பும் போகிறது. மோரில் உப்புப் போட்டுக் கொண்டுபோவது நம் பாட்டி வைத்தியம். அதுவும் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சர்க்கரை வியாதிக்காரர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தலை சுற்றல், குமட்டல், கால் இழுப்பு வந்தால் அங்கேயே நிழலில் உட்கார வேண்டும். பேச்சு குழறினால், ஆள் சம்பந்தமில்லாமல் பேசினால், உடம்பு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொண்டு உடனே தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க வேண்டும். 108 வரும், ஆனால் அடிவாரம் வரைதான் வரும். அந்தப் படிகளில் எண்பது கிலோ ஆளை யார் தூக்கி இறக்குவது? கொண்டுபோகும் தண்ணீர் பாட்டிலையும் பையையும் பறிக்க வழி நெடுகக் குரங்குகள் வேறு.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் தீப்பிடித்து, மலையேறப் போனவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் படித்த, வேலையில் இருந்த இளைய பிள்ளைகள். வெள்ளியங்கிரியில் கோடையில் ஏறிய பக்தர்கள் மூச்சுத்திணறி இறந்த செய்தி அண்மை ஆண்டுகளிலும் வந்தது. அவையெல்லாம் உயர்ந்த காட்டு மலைகள், செஞ்சியில் அந்த அளவு ஆபத்து இல்லைதான். ஆனால் சித்திரை 21லிருந்து வைகாசி நடு வரை அக்னி நட்சத்திரம். நீங்கள் குறித்த ஞாயிறு சரியாக அதன் நடுவில் விழுகிறது. கோட்டை வாசல் திறப்பதே வெயில் வந்த பிறகுதான், புஸ்ஸி மாதிரி ராத்திரியில் ஏற யாரும் விடமாட்டார்கள்.

மார்கழி கடைசியில் வையுங்கள், அல்லது தையில் பொங்கல் கழிந்த வாரம். மழை பெய்து சுனையில் தண்ணீர் இருக்கும், சுற்றிலும் வயல் பச்சையாக இருக்கும். நானும் கமலக்கண்ணியம்மன் கோயில் வரை வருகிறேன். அதற்கு மேல் நீங்கள் போங்கள், நான் பைகளைக் குரங்கிடமிருந்து காப்பாற்றுகிறேன். மே மாதமேதான் வேண்டும் என்றால் கீழ்க்கோட்டையோடு நிறுத்துங்கள். கல்யாண மகால், நெற்களஞ்சியம், வேங்கடரமணர் கோயில், சாதத்துல்லா கான் மசூதி, இதற்கே ஒரு காலைப்பொழுது சரியாகப் போகும்.

புஸ்ஸியின் மிச்சக் கதையைச் சொல்லவில்லையே. அது நம் கடலூரில் நடந்தது. 33 வருஷம் கழித்து, 1783ல் அவர் மறுபடி இந்தப் பக்கம் வந்தார். வயது அறுபதைத் தாண்டி, கீல்வாதம் முற்றி, பல்லக்கு இல்லாமல் நகர முடியாத கிழவராக. கடலூருக்குள் அவர் படை, தெற்கே வந்து வளைத்தது ஜெனரல் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலப் படை. ஜூன் 13ஆம் தேதி, அனல் காற்றில், ஒரே நாள் சண்டையில் ஆங்கிலேயர் பக்கம் மட்டும் செத்தும் காயம்பட்டும் விழுந்தவர்கள் ஆயிரம் பேர் வரை. ஒரு வாரம் கழித்து நம் கடலிலேயே கப்பல் சண்டை. ஆங்கில அட்மிரல் ஹியூஸின் கப்பல்களில் குடிநீர் குறைந்து, ஸ்கர்வி நோய் பரவி, அவர் சென்னைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. கடைசியில் எவரும் வெல்லவில்லை. இங்கிலாந்தும் பிரான்சும் ஐரோப்பாவில் எப்போதோ சமாதானம் பேசிவிட்டன என்ற செய்தி ஜூன் கடைசியில் கப்பலில் வந்து சேர்ந்தது. ஒரே இரவில் மூன்று மலை ஏறிய அந்த மனிதர் 1785 ஜனவரியில் புதுச்சேரியில் இறந்தார்.